மரக்காலுக்குக் குறைவான விஷம்

முன்னொரு காலத்திலே, ராஜாவுக்கு ஒன்று தோன்றிவிட்டால் ஊருக்குத் தூக்கம் போய்விடும் என்றிருந்த ஒரு நாட்டில், பட்டத்துக் குதிரை எங்கிருந்தோ வந்த உப்பை நக்கிச் செத்துப்போயிற்று. ராஜா தேம்பித் தேம்பி அழுதார். மறுநாளே ஆணை பிறந்தது: "பொடியானாலும் குழம்பானாலும் சுங்கச்சாவடியில் பதியாமல் என் நாட்டில் புழங்கக் கூடாது. அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று கொண்டுவருகிறவனே நிரூபிக்க வேண்டும். பதியாத சரக்கு அகப்பட்டால், கொண்டுவந்தவன் வீட்டு வாசலிலேயே அதைப் போட்டுவிட வேண்டும்."

குதிரைக்காகப் போட்ட சட்டம்தான். ஆனாலும் நல்ல சட்டம். அதை எழுதும் வேலை சுங்க அமைச்சர் வச்சிரவேலரிடம் போனதுதான் கேடு. 'ஒரு மரக்கால் அளவுக்குக் குறைந்தால் பதிய வேண்டாம்' என்று ஒரு வரியை அவர் நைசாகச் செருகினார். பிறகு அரிதாரம் என்னும் மஞ்சள் நச்சுக்கல்லைச் சின்னச் சின்னப் பைகளில் ஓயாமல் வரவழைத்தார். அவருடைய கொட்டகையில் அதை இடித்துப் பொடியாக்கி அரண்மனைச் சுவரில் பூசினார்கள். சுவர் பொன்னாக மின்னியது. ராஜா பூரித்துப்போனார். இடித்தவர்கள் இருமி இருமிச் செத்தார்கள்.

ஒருநாள் பூவாயி என்பவள், கொட்டகையில் இறந்த தன் புருஷனைக் கைவண்டியில் கிடத்தி, தானே இழுத்துக்கொண்டு சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, எம் புருசன் போயிட்டாரு. நாளைக்கு அந்த ஒலக்கைய என் கையில குடுக்கறாங்க. எம் மவளையும் வரச் சொல்றாங்க. வேணாமுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி!"

"காய்ச்சலில் போனவன், பிரபு. அரிதாரத்துக்கும் இவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை," என்றார் அமைச்சர்.

சபை விகடன் சொக்காண்டி எழுந்தான். எப்போதும் குட்டிக்கரணம் போட்டு வருகிறவன் அன்று மெல்ல நடந்து வந்தான். இறந்தவனின் உள்ளங்கையை, நகங்களை, உதட்டைப் பார்த்தான். எல்லாம் மஞ்சள்.

"மன்னர் மன்னா, பதியாத சரக்கு பிடிபட்டது! இந்த உடம்பு முழுக்க அரிதாரம். சட்டப்படி இதை அரிதாரம் கொண்டுவந்தவர் வாசலில் போட்டுவிட உத்தரவிடுங்கள்."

அமைச்சர் வீட்டு வாசலில் அன்று மகளுக்குக் கல்யாணப் பந்தல். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

"அநியாயம், பிரபு! இவன் உடம்பில் இருப்பது ஒரு மரக்காலா? ஒரு கைப்பிடிகூடத் தேறாது! அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது!"

சொக்காண்டி தலைவணங்கினான். "முதலில் காய்ச்சல் என்றார். இப்போது உடம்புக்குள் அரிதாரம் இருக்கிறது என்கிறார். ஓர் ஆளைக் கொல்ல ஒரு கைப்பிடிகூட வேண்டாம் என்றும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். மிச்சமெல்லாம் தங்கள் சுவரில் இருக்கிறது, மன்னா."

ராஜா சட்டென்று சுவரை விட்டு விலகி உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பலே, சொக்காண்டி! வகையாக மாட்டவைத்தாய்!" கொட்டகையை மூடச் சொன்னார், மரக்கால் வரியை அடிக்கச் சொன்னார், கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்காண்டியிடம் நீட்டினார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பைச் சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது.

"மாலை இருக்கட்டும், மன்னா. இவனைச் சுடுகாட்டுக்குத் தூக்க நாலு தோள் வேண்டும். கூட வேலை செய்தவர்களுக்குத் தூக்கி நடக்க மூச்சில்லை."

சிரிப்பு நின்றது. ராஜா அமைச்சரைப் பார்த்தார். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டோடு அமைச்சர் வந்து பிணத்தருகே குனிந்தார்.

"மொகத்த மூடிக்கிட்டுத் தூக்குங்க ஐயா," என்றாள் பூவாயி. "அந்தப் பொடி மூக்குல ஏறிடும்."