கேட் கீப்பர் வளர்த்த ராணி எறும்பு

கோமதிநாயகம் முப்பத்திநாலு வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். அவர் கேட்டில் ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. பூட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். ரிட்டயர் ஆனால் மட்டும் அந்தக் கை சும்மா இருக்குமா? பூட்டுவதற்கு கேட் இல்லாமல் போனதும் அது மகளின் போன் நம்பரைப் பிடித்துக்கொண்டது.

ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. பெயர் ஆவுடைச்செல்வி. புனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுந்தாச்சா, பஸ் கிடைச்சுதா, டியூட்டி முடிஞ்சுதா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா என்று ஒரு நாளைக்கு எட்டு போன் போகும். போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் அவள் ஹாஸ்டல் வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். அவள் ஹாஸ்டலையே மாற்றிக்கொண்டாள். "இன்னொரு தரம் இப்படி வந்து நின்னீங்கன்னா, நான் எங்க இருக்கேன்னே உங்களுக்குத் தெரியாமப் போயிரும்ப்பா" என்றும் சொல்லிவிட்டாள்.

மனசுக்கு ஒரு அமைதி வேண்டும் என்று மலையடிவாரத்தில் தவமணியம்மையின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "ஐயா" என்பார்.

ஒரு நாள் காலையில் கோமதிநாயகம் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு உத்தரவு குடுங்க. புனேக்குப் போறேன்."

"என்ன ஆச்சு ஐயா?"

"செல்வி டெங்கு வந்து பன்னிரண்டு நாள் படுக்கையில கிடந்திருக்கா. கூட வேலை பாக்குற பிள்ளை வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். பன்னிரண்டு நாளும் எட்டு தடவை பேசினேன். எட்டு தடவையும் 'நல்லா இருக்கேம்ப்பா'ன்னா. பெத்த அப்பன்கிட்ட ஏம்மா மறைக்கணும்?"

அம்மை எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். முந்தின நாள் நல்ல மழை. தொட்டியின் விளிம்பில் ஒரு பெரிய கறுப்பு எறும்பு, தன் சிறகைத் தானே காலால் உந்திக் கழற்றிக்கொண்டிருந்தது.

"ராணி. இனிமே இவளுக்குப் பறக்கிற வேலை இல்லை" என்றார் அம்மை.

ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பஞ்சை வைத்து அடைத்தார். ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடினார். குழாயை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"இவளை வளருங்க. முதல் பிள்ளைங்க வெளியே வரட்டும். அன்னைக்கு உங்க கேள்விக்குப் பதில். அதுக்கப்புறம் நீங்க புனேக்குப் போனாலும் சரி."

"தீனி என்ன போடணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சிறகை அசைச்ச சதை உடம்புக்குள்ளேயே கரையும். அதைத் தின்னு அவளும் இருப்பா, பிள்ளைகளுக்கும் ஊட்டுவா."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"இருட்டுல வையுங்க. நாற்பது நாள் கழிச்சுத் திறங்க."

"நாற்பது நாளா? செத்துக்கித்துப் போச்சுன்னா?"

அம்மை கீரை ஆயப் போய்விட்டார்.

பெட்டியைத் தன் அறை அலமாரியில் வைத்தார் கோமதிநாயகம். வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தார். திரும்பி வந்து திறந்து பார்த்தார். இருந்தது.

நாலாம் நாள் முட்டைகள் தெரிந்தன. ஒன்பது. ரவைக் குறுணைபோல வெள்ளையாக ஒட்டிக் கிடந்தன. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குடிலுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "ஒன்பது, ஒன்பது" என்றார். சாப்பிடும் முன் ஒரு தரம், சாப்பிட்ட பின் ஒரு தரம், டார்ச் அடித்து எண்ணினார்.

மறுநாள் ஏழுதான் இருந்தது. கண் சரியில்லை என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எண்ணினார். ஏழுதான். அதற்கு மறுநாள் நாலு. பல்லி கில்லி புகுந்ததோ என்று பஞ்சை இழுத்துப் பார்த்தார். அடைப்பு சரியாகத்தான் இருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் பார்க்க ஆரம்பித்தார்.

எட்டாம் நாள் அவர் டார்ச் அடித்தபோது ராணியின் வாயில் கடைசி முட்டை இருந்தது. மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பெத்ததைத் தின்னுட்டாம்மா! பாவி, ஒண்ணு விடாமத் தின்னுட்டா!"

"பெட்டியை மூடுங்க" என்றார் அம்மை. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தீங்க?"

"அது... ஒரு பத்து இருபது தடவை இருக்கும். அக்கறையிலதாம்மா."

"அக்கறைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"எறும்புக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

கோமதிநாயகம் யோசித்தார். "வெளிச்சம். ஆட்டம்."

"யாரோ வீட்டை இடிச்சுக்கிட்டு வர்றான். பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓட வழியில்லை. அவன் கைக்குப் போறதுக்குப் பதிலா வயித்துக்குள்ளேயே போகட்டும்னு விழுங்கிட்டா."

கோமதிநாயகம் பெட்டியைப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்வதுபோல, "பன்னிரண்டு நாள் காய்ச்சல்" என்றார்.

பிறகு அம்மை பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் முட்டை இடுவாளாம்மா?"

"உடம்புல இன்னும் சதை இருந்தா இடுவா. இன்னொரு தரம் தின்னா, அதோட சரி."

அன்றைக்கே அவர் பெட்டியைத் துணியால் சுற்றி, தன் இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, பழைய கேட் பூட்டைப் போட்டுப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியைக் கொண்டுபோய் அம்மையிடம் நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா" என்றார் அம்மை. "நாற்பது நாள் இன்னையிலிருந்து."

அந்த நாட்கள் அவரை என்ன பாடு படுத்தின என்கிறீர்கள்! சோறு இறங்கவில்லை. டிரங்குப் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்பார். எறும்பு என்ன, பேசவா போகிறது? பதினேழாம் நாள் பூட்டையே திறந்துவிட்டார். துணி முடிச்சில் விரல் பட்டதும் ராணியின் வாயிலிருந்த அந்தக் கடைசி முட்டை கண் முன்னால் வந்தது. பழையபடி பூட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

போனைப் பற்றி அம்மை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எட்டு ஆறானது, ஆறு மூன்றானது. முப்பதாம் நாளுக்குப் பிறகு, போனை எடுப்பார், நம்பரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். வைத்த கை போய் டிரங்குப் பூட்டை இழுத்துப் பார்க்கும்.

நாற்பதாம் நாள் காலையில் அம்மை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே, வயலுக்கு அப்பால் தண்டவாளம் வெயிலில் மின்னியது. கோமதிநாயகம் தோளில் பையும் கையில் அட்டைப் பெட்டியுமாக மூச்சு வாங்க வந்தார். பெட்டியின் துணிகூட அவிழ்க்கவில்லை.

"இந்தாங்கம்மா உங்க எறும்பு. நான் போறேன். செல்விக்குக் கால்ல அடிபட்டு நாலு தையலாம்."

"யார் சொன்னா?"

"அவதான். இப்பத்தான் போன் பண்ணினா."

"நீங்க கேட்டுச் சொன்னாளா?"

"நான் எங்க கேட்டேன்? பத்து நாளா நான் பேசவே இல்லையே. அவளாக் கூப்பிட்டா. 'அப்பா, படியில வழுக்கிட்டேன், தையல் போட்டிருக்கு, உங்ககிட்டச் சொல்லணும்போல இருந்துச்சு'ன்னா."

அம்மை துணியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார்.

ராணியைச் சுற்றி ஐந்து சின்ன எறும்புகள். இன்னும் நிறம் ஏறாத உடம்பு. அம்மை ஒரு சொட்டுத் தேனை வைத்தார். ஒன்று வந்து குடித்தது. திரும்பிப் போய் ராணியின் வாயோடு வாய் வைத்து ஊட்டியது.

கோமதிநாயகம் அழுதுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பையை இறக்கவில்லை.

"பார்த்துட்டேம்மா. நல்லா இருக்கட்டும். பிள்ளை அங்க ஒத்தையில கிடக்கா. எப்படி இருக்கான்னு ஒரே ஒரு தரம் கண்ணால பார்த்துட்டு வந்துருதேன். பதினொரு மணி வண்டிக்கு நேரமாச்சு."

அம்மை பெட்டியை மூடினார்.

"உங்க கேட்டைத் தாண்டி ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகும் ஐயா?"

"இருபத்திரண்டு. எதுக்கும்மா கேக்கிய?"

"நிறைய ஆள் இருப்பாங்களோ?"

"ஆயிரக்கணக்குல. பிள்ளைகுட்டியோட."

"முப்பத்திநாலு வருஷத்துல, உள்ளே எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு பார்க்க எந்த வண்டியை நிறுத்தினீங்க?"

கீழே பதினொரு மணி வண்டி கூவிக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் தோள் பையைக் கீழே இறக்கி வைத்தார். பச்சைக் கொடி பிடித்துப் பழகிய கை தன்னால் உயர்ந்தது. கடைசிப் பெட்டி மறைகிறவரை அப்படியே நின்றார்.