கோதைநாயகி திறக்காத உறை

பல வருடமாக நான் சுமந்து திரிகிற கதை இது. நிதானமாகப் படியுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

தெற்கே ஒரு சட்டக் கல்லூரி. அங்கே நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. புதன்கிழமை மாலைகளில் பின்னறையில் ஏழெட்டு மாணவர்கள் கூடுவார்கள். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள். வெளியே வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே சொல்லிச் சிரிப்பார்கள். பெயர்ப்பலகை கிடையாது. புதன் கூட்டம் என்பார்கள், அவ்வளவுதான்.

சட்டம் படிக்கிறவர்கள் அல்லவா, தங்களுக்கும் ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். சேருகிற ஒவ்வொருவரும், தன்னைப் பற்றிய உண்மையை யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவர் தனக்காகப் பேச முடியாத நிலை வந்தால் மட்டுமே உறையைத் திறக்கலாம். உறைகள் இறுதியாண்டு மாணவி கோதைநாயகியின் பொறுப்பில் இருந்தன. கோதை திருநங்கை. அந்தப் பெயரைத் தானே தேடி வைத்துக்கொண்டவள்.

கூட்டத்தில் செண்பகவல்லி என்று ஒரு பெண். அவளும் அவள் வகுப்புத் தோழி ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். செண்பகவல்லிக்கு ஒரு குணம். கேட்டால் பொய் சொல்ல மாட்டாள். கேட்காததைத் தானாகச் சொல்லவும் மாட்டாள். ஒருமுறை விடுதி வார்டன், "நீ சுவரேறிக் குதிச்சியா?" என்று கேட்க, "ஆமா மேடம்" என்றாள். கூட யார் என்று வார்டன் கேட்கவில்லை. ஜெசிந்தா தப்பினாள். இதைச் சொல்லிச் சொல்லி அந்த அறை எத்தனையோ முறை சிரித்திருக்கிறது.

ஒரு ஆடி மாதம் செண்பகவல்லியை அவள் அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக நீட்டிய போனிலிருந்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். "மாடி ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. ஆவணியில கல்யாணமாம். ஏதாவது செய்யுங்க."

"உங்கப்பாட்ட நம்ம விஷயத்தச் சொல்லிரட்டுமா?" என்று ஜெசிந்தா கேட்டாள். பதில் வருமுன் போன் அறுந்துவிட்டது. 'அப்பாவுக்கு மட்டும் உன் வாயால் தெரியக் கூடாது' என்று செண்பகவல்லி முன்பு வாங்கிய சத்தியம் ஒன்று ஜெசிந்தாவிடம் இருந்தது.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் வகுப்புத் தோழி என்று மட்டும் எழுதினால், 'பெற்றவர் வீட்டில் பெண் இருப்பதில் என்ன தப்பு?' என்று தள்ளிவிடுவார்கள் என்றார், அவர்கள் போய்க் கேட்ட வழக்கறிஞர். உண்மையை எழுதினால், மனுவின் நகல் முதலில் அப்பாவின் கைக்குத்தான் போகும்.

"உறையத் திறங்கக்கா. அவ என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்" என்றான் ஆவுடையப்பன். கூட்டத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன். அவனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை.

"அவளுக்கு உயிர் இருக்கு, வாய் இருக்கு. பேச முடியாத நிலைன்னு எப்படிடா சொல்றது?" என்றாள் கோதை.

"கதவப் பூட்டிட்டாங்க, போனப் பிடுங்கிட்டாங்க. பரீட்சையில பத்து மார்க் கேள்விக்கு விளக்கம் எழுதுற மாதிரி பேசாதீங்க."

கோதை அசையவில்லை. "போன வருஷம் ஒருத்தன் உறைய அவசரப்பட்டுத் திறந்தோம். மறுநாளே படிப்ப விட்டுட்டுப் போனான். இன்னைக்கு வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியல."

ஜெசிந்தா உண்மையெல்லாம் எழுதி ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். சத்தியம் குறுக்கே நின்றது. கையெழுத்துப் போடவில்லை.

கடைசியில் ஆவுடையப்பன், "நான்தான் அவ காதலன்னு எழுதிக் குடுக்கேன். கோர்ட்டுக்கும் புரியும், அவங்கப்பனுக்கும் புரியும்" என்றான்.

"ஏல, உன் மூஞ்சிக்குக் காதலனா? யாரு நம்புவா?" என்று ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

பொய்ச் சத்தியம் வெளிப்பட்டால் கறுப்பு அங்கி போடும் கனவு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்திட்டான்.

விசாரணை நாளில் ஜெசிந்தாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். போலீசார் செண்பகவல்லியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் அப்பா.

"இந்தப் பையனைக் காதலிக்கிறியாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள். பிறகு பின்வரிசையில் ஜெசிந்தாவைப் பார்த்தாள். "இல்லை ஐயா."

"இவனோட போக விருப்பமா?"

"இல்லை ஐயா."

வேறெதுவும் கேட்காமல் நீதிபதி கோப்பை மூடினார். "சட்டம் படிக்கிற பையன் செய்யிற வேலையா இது?" என்று ஆவுடையப்பனைக் கேட்டார். மனு தள்ளுபடி ஆனது. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருக்கும். அப்பா மகளின் கையைப் பிடித்து நடத்திப் போனார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கோதை விதியைக் காத்தாள். ஜெசிந்தா வாக்கைக் காத்தாள். ஆவுடையப்பன் இரண்டையும் காக்கத் தன் எதிர்காலத்தை வைத்தான். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: என் மனைவி உயிரோடிருந்தபோது இதை அவளிடம் சொன்னேன். "மூணு பேரும் நல்ல பிள்ளைகதான். ஆனா மனுவில என்ன எழுதுறோமோ அதத்தானே ஜட்ஜு கேப்பாரு? கேட்டா உண்மையச் சொல்ற பிள்ளைகிட்ட, உண்மையக் கேக்க வழி பண்ணாம விட்டுட்டீங்களே" என்றாள். அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு மறு புதன் கோதை அந்த உறையைத் திறந்தாள். உள்ளே இரண்டே வரி. 'அப்பாவிடம் நானாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் முன்னால் யாராவது என்னைக் கேளுங்கள், சொல்லிவிடுவேன்.' நீதிமன்றத்தில் செண்பகவல்லி அப்பா முன்னால்தான் நின்றாள். 'ஜெசிந்தாவை விரும்புகிறாயா?' என்று ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். பின்வரிசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.