பொய் நீலத்தை அவிழ்த்த சிப்போரா

முன்னொரு காலத்தில், அலை கேட்டால் பறவை பதில் சொன்ன காலத்தில், மிளகு மணக்கும் ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. அங்கே யூதத் தெருவில் சிப்போரா என்று ஒருத்தி. கெட்டிக்காரிதான், ஆனால் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அவள் புருஷன் எலியாகுவுக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒருநாள் கப்பலில் போகும்போது தண்ணீர் பிடிக்க ஒரு தீவில் இறங்கினான். அது பேழ்வாயன் என்ற மந்திரவாதியின் தீவு. நின்ற இடத்திலேயே உப்புச் சிலை ஆனான்.

சேதி கேட்டதும் சிப்போரா படகேறி ஓடினாள். பேழ்வாயன் வாய்கொள்ளாமல் சிரித்தான்.

"நாலு மூலைத் துணியில் குஞ்சம் கட்டிப் போடுவது உங்கள் வேதச் சட்டமாமே? சட்டம் தவறாமல் கட்டி இவன் தோளில் போடு, உயிர் வரும். இந்தக் காரியத்தில் ஓர் இழை பொய் புகுந்தாலும், புகுத்தியவர் உப்பு! மூன்றாம் நாள் பொழுது சாயும்போது அலை ஏறும். ஏறினால் இவன் கரைந்துபோவான்."

குஞ்சம் கட்ட அவளுக்குத் தெரியும். வெள்ளை நூல்களோடு ஒரு நீல நூலும் சேர வேண்டும். அந்த நீலம் ஒரு கடல் நத்தையின் சாயம். அதற்கு எங்கே போவாள் பாவம்?

முதல் நாள் வடக்குக் கரையெல்லாம் தேடினாள். நத்தை இல்லை. இரண்டாம் நாள் தெற்குக் கரையெல்லாம் தேடினாள். நத்தை இல்லை. ஒரு நீர்க்காகம்தான் இருந்தது.

"அக்கா, அந்த நத்தை எங்கள் பாட்டன் காலத்திலேயே போய்விட்டது. வீணாக அலையாதே."

அவள் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள்.

மூன்றாம் நாள் கடைத்தெருவில், முகத்தைத் துணியால் மூடிய ஒரு வியாபாரி கூப்பிட்டான். "அம்மணி! நத்தை நீலமா வேணும்? இந்தா, அவுரிச் செடி நீலம். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, அண்ணே!"

சொன்னாள். ஆனாலும் வாங்கினாள். பயம் யாரைத்தான் விட்டது?

தீவுக்குப் போய் எலியாகுவின் காலடியில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாள். சுற்று, சுற்று, முடிச்சு. மூன்று மூலை முடிந்தது. அலை அவன் கணுக்காலைத் தொட்டது. நாலாவது மூலையில் கை நின்றுவிட்டது. பொய் என்று தெரிந்தே இதை அவர் தோளில் எப்படிப் போடுவேன்?

அவிழ்க்க ஆரம்பித்தாள். ஈர முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது, பல்லால் கடித்தாள். அவிழ், அவிழ், இழு. நீல நூல்களை வீசிவிட்டு நாலு மூலையிலும் வெள்ளையாகவே கட்டி முடித்தபோது தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்திருந்தது.

"நீலம் எங்கே?" என்று பேழ்வாயன் கத்தினான்.

"கிடைக்கவில்லை."

"நீலம் வேண்டும் என்பது உங்கள் சட்டம்தானே?"

"கிடைத்தால் நீலம். கிடைக்காவிட்டால் வெள்ளையே போதும். பொய் நீலம் மட்டும் கூடவே கூடாது. அதுவும் எங்கள் சட்டம்தான்!"

துணியைச் சிலையின் தோளில் போட்டாள்.

ஓர் அலை வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னோர் அலை வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டேனோ, ஆண்டவனே, என் கையாலேயே அவரைக் கரைத்துவிட்டேனோ என்று பதறினாள்.

மூன்றாவது அலையில் சிலை தும்மியது! உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

பேழ்வாயனின் கால் வெளுத்தது, இடுப்பு வெளுத்தது, வாய் வெளுத்தது. முகத்தை மூடிக்கொண்டு பொய் நீலத்தை விற்றவனே அவன்தான். அவள் தன் பொய்யை அவிழ்த்துவிட்டாள், அவன் அவிழ்க்கவில்லை. தன் வாக்கில் தானே மாட்டி உப்பானான். அடுத்த அலை அவனைக் கரைத்துக்கொண்டு போனது.

எலியாகு கண்ணைக் கசக்கிக்கொண்டு தோளைப் பார்த்தான். "ஏம்மா, நீலம் கிடைக்கலையா?"

"மூணு நாளா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அலையறேன். முதல் கேள்வி இதுதானா உங்களுக்கு?"

கத்தியவள் அப்படியே அவன் நெஞ்சில் விழுந்து ஓவென்று அழுதாள். எதற்கும் பயப்படாத எலியாகு அன்றைக்குத்தான் பயந்தான். "வெள்ளையே நல்லா இருக்கு, வெள்ளையே நல்லா இருக்கு" என்று அவள் அழுகை ஓயும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவர்கள் பேரன் பேத்தி கண்டு சுகமாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் குறைவில்லாமல் வாழுங்கள்!