தாமதத்துக்கு வருந்துகிறேன்

"சாமி, நூலகப் பொறுப்பிலேருந்து என்னை விடுவிச்சிடுங்க" என்றார் அம்பலவாணர்.

மடத்து நூலகத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சந்தா இதழ்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். வீடு, வாசல், உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். இதழ் வருகைப் பதிவேட்டை மட்டும் விட முடியவில்லை.

மடத்துத் தலைவரான சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். என்ன தொந்தரவு என்று கேட்டார்.

அம்பலவாணர் வழக்கமான புலம்பல்களில் தொடங்கினார். சந்தா கட்டியும் வராத இதழ்கள். ஒரே இதழ் இரண்டு முறை வந்து நிற்பது. சொல்லாமல் கொள்ளாமல் பெயரை மாற்றிக்கொள்ளும் இதழ்கள்.

சாமி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"இதுக்காகவெல்லாம் யாரும் பொறுப்பை விட மாட்டாங்களே" என்றார்.

பிறகுதான் விஷயம் வந்தது.

'ஏட்டுச்சுவடு' என்று ஒரு காலாண்டிதழ். தெற்கே ஒரு சிற்றூரில் பொன்னுலிங்கம் என்பவர் தனி ஆளாக நடத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மகனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அப்பா காலமாகிவிட்டார், இதழ் நின்றுவிட்டது.

"ஆனா நிக்கலை, சாமி. அதுக்கப்புறம் ஏழு இதழ் வந்திருக்கு. உறை மேல விலாசம் பொன்னுலிங்கத்தோட கையெழுத்து."

முதலில் அறுபது பக்கம் இருந்ததாம். அப்புறம் முப்பது. அப்புறம் எட்டு. உறையைப் பிரித்தால் மேசையில் மண் உதிர்கிறதாம். கடைசியாக வந்தது ஒற்றைத் தாள். அதில் கோணல் எழுத்தில் ஒரே வரி: தாமதத்துக்கு வருந்துகிறேன்.

அம்பலவாணருக்குப் பயமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

மகனுக்கு எழுதிக் கேட்டீர்களா என்றார் சாமி. கேட்டாயிற்று. நாங்கள் எதையும் அனுப்பவில்லை, அச்சு இயந்திரத்தையே விற்றுவிட்டோம் என்று பதில் வந்ததாம்.

சாமி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். ஏழு வரவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிவப்பு மையில் ஒரு தேதி.

"இது என்ன?"

"நினைவூட்டல் கடிதம் போட்ட தேதி, சாமி. இதழ் வர வேண்டிய நாள் தாண்டினா மறுநாளே போட்டுடுவேன். எல்லா இதழுக்கும் அப்படித்தான். கை தானா எழுதிடும்."

"யார் பேருக்கு?"

"இதழாசிரியர் பேருக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்பலவாணருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாமி பதிவேட்டை மூடவில்லை.

"அடுத்தது எப்ப வரணும்?"

"நேத்து."

"வந்துச்சா?"

அம்பலவாணர் இல்லை என்று தலையசைத்தார். சாமியின் விரல் பக்கத்தின் கடைசிக்கு இறங்கியது. அங்கே எட்டாவது சிவப்புத் தேதி இருந்தது. அன்றைய தேதி.

"காலைத் தபால்ல போயிடுச்சு, சாமி."

"போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்."

"அப்ப அவருக்கு இன்னும் ரெண்டு நாள் தூக்கம் இருக்கு" என்றார் சாமி.