ஆயிரம் பேர் ஊரில் மூவாயிரம் வீரர்

கோவையில் கணினி விளையாட்டுகளை உருவாக்கும் ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. பழங்காலப் போர் விளையாட்டில் ஊர்களையும் படைகளையும் அமைக்கிற வேலை. கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இருவர்: நப்பின்னை, ஜோயல். நப்பின்னை வேலையிழந்து ஓராண்டாகிறது. இதுவும் கைவிட்டுப் போனால் அவள் இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

முதலாளி கனகசபை இருவருக்கும் ஒரே ஆட்டத்தைக் கொடுத்தார். திரையில் ஒரு சிறு கோட்டை. கைக்குழந்தை, கிழவி எல்லாரையும் சேர்த்து ஆயிரம் பேர். வயல்களில் நெல் முற்றித் தலைசாய்ந்திருந்தது. அதே போல முற்றிய தங்கள் வயல்களை விட்டுவிட்டு, பக்கத்து நாட்டிலிருந்து இரண்டாயிரம் பேர் படையெடுத்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் அரிசி வண்டிகூட வரவில்லை.

"நெசமாவே இருந்த ஊருன்னு நெனச்சு ஆடுங்க," என்றார் கனகசபை. "கோட்டையைக் காப்பாத்தறவங்களுக்கு வேலை."

ஜோயல் படை திரட்டும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூவாயிரம் வீரர்கள் வந்து நின்றார்கள். ஊரின் மக்கள்தொகை ஆயிரமாகவே இருந்தது. வயலில் அறுப்பும் நிற்கவில்லை. எதிரியைச் சிதறடித்துவிட்டு அவன் கையை உதறிக்கொண்டான்.

நப்பின்னை அந்தப் பட்டனைத் தொடவில்லை. ஊரையே அறுப்புக்கு அனுப்பி, நெல்லை உள்ளே சேர்த்து, கோட்டைக் கதவைச் சாத்தினாள்.

"சண்டையே போடலீங்களா?" ஜோயல் சிரித்தான். "பட்டனைத் தட்டுங்க, ஆளு வருவாங்க."

"எந்த வீட்டுல இருந்துங்க?"

அவன் தன் திரையில் நின்ற வீரர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"வெளிய நிக்கற படைக்கும் பசிக்கும். அவங்க ஊர்லயும் நெல்லு உதிரும். திரும்பிருவாங்க," என்று காத்திருந்தாள்.

திரும்பவில்லை. அந்த விளையாட்டில் எதிரிக்குப் பசியை யாரும் எழுதியிருக்கவில்லை. மாதக்கணக்கில் சோறின்றி நின்ற இரண்டாயிரம் பேரும், ஒருவர் குறையாமல், கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். நப்பின்னையின் ஊர் திரையில் அணைந்துபோனது.

கோட்டையைக் காத்தவன் ஜோயல். ஊரை நிஜமென்று நினைத்தவள் நப்பின்னை. வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நப்பின்னைக்கு. ஊர் நிஜமாக இருந்தால்தான் அதைக் காப்பதற்கும் பொருள் உண்டு. ஆயிரம் பேர் வாழும் ஊரிலிருந்து மூவாயிரம் வீரர்கள் புறப்பட முடியாது. ஜோயல் காத்தது வேறேதோ ஊரை. ஆனால் வேலை கிடைத்தது அவனுக்குத்தான். ஆடுகிறவர்களுக்குப் பெரிய படைதான் பிடிக்கும் என்றார் கனகசபை. பட்டனைத் தட்டி வந்த அந்த வீரர்கள் இப்போது எத்தனையோ வீடுகளின் திரைகளில் நாள்தோறும் சாகிறார்கள். அவர்களுக்காக அழ ஒரு தாய்கூட அந்த ஊரில் இல்லை.