எந்த மான், எந்த மரத்தடியில்?

தும்பைநாட்டு மன்னர் கீர்த்திவளவனுக்கு வேட்டை என்றால் உயிர். வேட்டையில் என்ன விழுந்தது என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஒரு வருடம் அந்த நாட்டில் கன்றுகள் காய்ச்சல் கண்டு சாக ஆரம்பித்தன. போதாக்குறைக்கு, கன்றுகளோடு விளையாடித் திரிந்த பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல். மன்னர் பதறிப்போய்த் தண்டோரா போட்டார்: "மாட்டுக்கும் மனிதருக்கும் வரும் இந்த நோயை ஆராய்ந்து படிப்பவருக்கு ஐந்து வருடம் சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அரண்மனையே தரும். முடித்தால் பண்டிதர் பட்டம்."

வந்தவள் ஒருத்திதான். பெயர் நப்பின்னை. வைத்தியம் முறையாகப் படித்தவள். அவள் தெருவிலேயே பல பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள்.

பொக்கிஷ அதிகாரி பிச்சையப்பருக்கு முகம் சுருங்கியது. கஜானா சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குகிற மனிதர் அவர்.

"ஐந்து வருடம் படித்து என்ன கண்டுபிடிப்பாய்?"

"அது தெரிந்தால் எதற்கு ஐயா ஆராய்ச்சி? கண்டுபிடித்த பிறகு சொல்கிறேன்."

"அதெல்லாம் முடியாது. முதலில் சொல். பிறகுதான் பணம்."

மன்னருக்கு இது நியாயமாகப் பட்டுத் தொலைத்தது. "இனிமேல் கஜானாப் பணத்தில் எது வெளியே போனாலும், அதனால் என்ன கிடைக்கும் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். நப்பின்னைக்கு மறுநாள் மாலை வரை கெடு. சொல்லாவிட்டால் திட்டத்தையே கைவிடுவதாகப் பேச்சு.

சபையில் மன்னரிடம் வாயாடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் மருதனாரிடம் அவள் ஓடினாள்.

"ஐயா, வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிடட்டுமா?"

"வேண்டாம் தாயி. பொய்யில் ஆரம்பித்த படிப்பு உருப்படாது. நாளைக் காலையில் மன்னர் வேட்டைக்குப் போகிறார். பொறுத்திரு."

காலையில் மன்னர் குதிரை மேல் ஏறியாகிவிட்டது. வில் வரவில்லை, அம்பு வரவில்லை. ஆயுதசாலை வாசலில் மருதனார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஓய், வழியை விடும்."

"விடுகிறேன் மன்னா. எந்த மான், எந்த மரத்தடியில் விழப்போகிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அம்பும் கஜானாப் பணத்தில் வாங்கியதுதானே? தங்கள் உத்தரவை நான் மீறலாமா?"

மன்னருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மான் எங்கே நிற்கும் என்று தெரிந்தால் நான் எதற்கய்யா போகிறேன்? ஒரு ஆளை அனுப்பித் தூக்கிவரச் சொல்ல மாட்டேனா?"

"நேற்று அந்தப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள்" என்றார் மருதனார்.

வேட்டைச் செலவைக் குறித்துக்கொள்ள வந்திருந்த பிச்சையப்பர் விடுவாரா?

"மன்னா, ஐந்து வருடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவள் கையை விரித்தால்?"

மருதனார் அவர் பக்கம் திரும்பினார். "போன மாதம் மேற்குக் காட்டு வேட்டையில் மன்னருக்கு என்ன விழுந்தது?"

அந்த நாட்டில் யாரும் கேட்காத கேள்வி. காவலர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஒன்றும் விழவில்லை" என்றார் மன்னரே, மெதுவாக.

"அம்புச் செலவைத் திருப்பிக் கேட்டீரா பிச்சையப்பரே?"

பிச்சையப்பர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

"மன்னா, இன்றைக்கு எந்தக் காடு?"

"கிழக்குக் காடு. மேற்கில்தான் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதே."

"தெரிந்தது எப்படி? போய்ப் பார்த்ததால்தானே? அவளும் போய்ப் பார்க்கட்டும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. நப்பின்னைக்கு அன்றே பணம் கொடுக்கச் சொன்னார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதனாரிடம் வீசினார். வில்லும் அம்பும் வந்தன. கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஓய், கிழக்கிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால்?"

"கவலை வேண்டாம் மன்னா. எல்லாக் காட்டையும் முடித்துவிட்டு வாருங்கள். தங்களுக்கும் ஒரு பண்டிதர் பட்டம் கொடுத்துவிடலாம்."