தலை குனியாத காக்கை

மருத மரங்கள் நிழல் விரித்த ஒரு காட்டில், ஓடைக்கரைப் புதர் ஒன்றில், வெருகன் என்றொரு காட்டுப்பூனை இருந்தான். அவன் பெரிய கெட்டிக்காரன். அதை அவனே தினமும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான்.

ஆனால் குழந்தைகளே, அந்தக் கெட்டிக்காரனின் வயிறு மட்டும் எப்போதும் காலி. காரணம் காக்கைகள். அவன் எலி வளையருகே பதுங்கினால் போதும், "கா! கா! வெருகன் வருகிறான்!" என்று கிளையிலிருந்து ஊரைக் கூட்டிவிடும். எலி வளைக்குள் ஓடிவிடும். முயல் புதருக்குள் போய்விடும். வெருகன் வெறும் வாயை நக்கிக்கொண்டு திரும்புவான்.

"ஒரே ஒரு காக்கையைப் பிடித்துவிட்டால் போதும், அண்ணே! மற்றவை பயந்து இந்தக் கரையை விட்டே ஓடிவிடும்," என்று பாறையில் வெயில் காய்ந்த உடும்பிடம் பொருமினான்.

"பிடியேன், யார் வேண்டாம் என்றது?" என்றது சோம்பேறி உடும்பு, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

வெருகன் என்ன சும்மாவா இருந்தான்? மரத்தடியிலிருந்து பாய்ந்து பார்த்தான். காக்கை பறந்துவிட்டது, இவன் மூக்குதான் மரத்தில் மோதி வீங்கியது. செத்தவனைப் போலப் பாதையில் மல்லாந்து கிடந்தான். காக்கைகள் வந்தன. ஆனால் ஒரு கிழட்டுக் காக்கை முதலில் அவன் வாலைக் கொத்தி இழுத்துப் பார்த்தது. வலி பொறுக்காமல் "மியாவ்!" என்று கத்திவிட்டான்.

அப்புறம் ஒரு தவளையைப் போட்டுவிட்டுச் சருகுக்குள் ஒளிந்தான். முதலில் வந்த காக்கை தவளையைத் தொடவே இல்லை. "கா! கா!" என்று சுற்றத்தைக் கூப்பிட்டது. நாற்பது காக்கைகள் வந்தன. நாற்பதில் ஒன்று அவன் காதைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், கொத்து வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஓடிய களைப்பில் உட்கார்ந்து யோசித்தான். சட்டென்று துள்ளி எழுந்தான்.

"அண்ணே, புரிந்துவிட்டது! ஒரு காக்கையை ஏமாற்றலாம். நாற்பதை ஏமாற்ற முடியாது. யாரையும் கூப்பிடாமல் தனியாகத் தின்னும் காக்கை வேண்டும்."

"அப்படி ஒரு காக்கை இந்தக் காட்டில் ஏது, தம்பி?"

"இல்லாவிட்டால் பழக்கிவிடுகிறேன். விரல் நகம் அளவுக்கு இரை வைத்தால், யாரைக் கூப்பிட முடியும்?"

அவன் கண் மைச்சி என்ற காக்கையின் மேல் விழுந்தது. அவளுக்குக் கூட்டில் மூன்று குஞ்சுகள். கோடை மழை நாலு நாளாகக் கொட்டி ஓய்ந்திருந்தது. மூன்று சிவந்த வாய்களும் பசியில் திறந்தபடியே இருந்தன.

முதல் நாள், ஒரு தவளைக்காலின் நுனியைப் புதருக்கு முன்னால் வைத்தான். மைச்சி இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். "இதற்கு யாரைக் கூப்பிடுவது? என் குஞ்சுக்கே ஒரு வாய்க்குக் காணாது," என்று முணுமுணுத்து, கொத்திக்கொண்டு பறந்தாள். மறுநாள் ஒரு பொடிமீன். அன்றும் அவள் கூப்பிடவில்லை.

"பார்த்தீர்களா, அண்ணே! பழகிவிட்டாள்! ஆனால் சின்னத் துண்டு வைத்தால் நான் பாய்வதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். நாளைக்குப் பெரிதாக வைப்பேன். நின்று கொத்தித்தானே தின்ன வேண்டும்? தலை குனியட்டும், ஒரே பாய்ச்சல்!"

"உன் பாடு, தம்பி," என்று உடும்பு திறந்த கண்ணையும் மூடிக்கொண்டது.

தண்ணீர் என்றாலே வெருகனுக்கு ஆகாது. இருந்தாலும் பாதி நாள் ஓடையில் கழுத்தளவு நின்று, தும்மித் தும்மி, முழ நீளத்துக்கு ஒரு விரால் பிடித்தான். வாயில் எச்சில் ஊறியது. "பொறு, பொறு," என்று தன் வயிற்றைத் தானே தட்டிக்கொடுத்தான். மீனை வைத்துவிட்டுப் புதருக்குள் பதுங்கினான்.

மைச்சி வந்து இறங்கினாள். இரண்டடி தூரம்தான்! வெருகனின் பின்னங்கால்கள் துடித்தன. "குனி... குனி..." என்று மனதுக்குள் மன்றாடினான்.

மைச்சி மீனைச் சுற்றித் தத்தித் தத்தி ஒரு வட்டம் வந்தாள்.

"அடேயப்பா! இவ்வளவு பெரிய மீனா! மழையில் எல்லார் கூட்டிலும்தானே பட்டினி? இதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் நானெல்லாம் ஒரு காக்கையா?"

அவள் தலை குனியவில்லை. நன்றாக மேலே நிமிர்ந்தது.

"கா! கா! கா! எல்லாரும் வாருங்கள்!"

வெருகன் திகைத்துப்போய் ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டான். அந்த ஒரு நொடி போதாதா? படபடவென்று நாற்பது காக்கைகள் வந்து இறங்கின. "மைச்சி, பின்னால் பார்! புதரில் வால்!" என்று கத்தியது அந்தக் கிழட்டுக் காக்கை.

மைச்சி விருட்டென்று மேலே எழும்பினாள். நாற்பது அலகுகளும் புதருக்குள் புகுந்தன. வெருகன் "ஐயோ, அம்மா!" என்று அலறியபடி முட்புதருக்குள் போய் விழுந்தான்.

அப்புறம் காக்கைகள் ஆற அமர மீனைத் தின்றன. எல்லாக் கூட்டுக்கும் பங்கு போனது. மைச்சியின் குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்று, அலகை மூடித் தூங்கின. பல நாளுக்குப் பிறகு அவள் மனம் குளிர்ந்தது. அவள் கீழே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வெருகா! தலையும் முள்ளும் மிச்சம் இருக்கிறது. கூப்பிட்டுச் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போ!"

வெருகனுக்கு வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். பசிதான் வென்றது. நொண்டிக்கொண்டே வந்து, தான் பிடித்த மீனின் தலையைத் தானே வாங்கித் தின்றான்.

பாறையிலிருந்து உடும்பு கேட்டது: "என்ன தம்பி, காக்கை ருசியாக இருந்ததா?"

நீதி: தன் உணவுக்குப் பிறரை அழைப்பவர், தன் உயிருக்கும் காவலை அழைத்துக்கொள்கிறார்.